முழங்காலுக்கு மேல் நாலு விரல்

எங்கள் பண்ணையில் எல்லாரும் அவளை வண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டு செய்கிற வேலையை இருபத்தைந்து வருஷமாகக் கையால் செய்கிறவள் என்பதால் வந்த பெயர். நியாயமாகப் பார்த்தால் கொசு என்றுதான் வைத்திருக்க வேண்டும். கொக்கோப் பூவில் மகரந்தம் சேர்ப்பது வண்டே இல்லை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பொடிக்கொசு. ஆனால் ஒரு பெண்ணைப் போய்க் கொசு என்று யார் கூப்பிடுவது? என்னைவிட வயதில் பெரியவர்களும் வண்டக்கா என்றே சொல்வார்கள். நான் மட்டும் உரிமையோடு வண்டு என்பேன்.

நான் இந்தக் கொக்கோ ஆராய்ச்சிப் பண்ணையில் பதிவேடு எழுதுகிறவன். எந்த மரம், எந்தத் தேதி, எந்தப் பூ, எந்தக் காய் என்று எழுதி எழுதியே என் நடுவிரலில் காய்ப்பு விழுந்துவிட்டது. ஒரு எழுத்து அடித்துத் திருத்தியிருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இந்தக் கதையில் என் மூக்கு உடைபடப் போகிறது, அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அதனால்தான் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. நடந்துகொண்டிருந்தபோது சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை.

வண்டுவின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொக்கோப் பூ கிளை நுனியில் பூக்காது. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் பட்டையைப் பிளந்துகொண்டு, யாரோ ஒட்டவைத்த மாதிரி பூக்கும். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். மறுநாள் காலையில் மலரப்போகிற மொட்டு எது என்று முதல் நாள் மத்தியானமே அவள் பார்த்துவிடுவாள். அதன்மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைக் கவிழ்ப்பாள். குழாயின் ஒரு வாயில் மெல்லிய துணி கட்டியிருக்கும். மறுவாயைச் சுற்றி, பிள்ளைகள் பொம்மை பிடிக்கிற மெழுகுக் களிமண்ணை வைத்து மரத்தோடு அமுக்கிவிடுவாள். பொடிக்கொசு உள்ளே போய் வேறு மரத்து மகரந்தத்தைக் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக. காலையில் அப்பா மரத்தின் பூ ஒன்றைப் பறித்து வந்து, இதழ்ப் பைக்குள் ஒளிந்திருக்கிற மகரந்தப் பையைச் சின்ன இடுக்கியால் வெளியே இழுத்து, அம்மா மரத்துப் பூவின் நடுவில் தடவுவாள். பிறகு மறுபடி குழாய், ஒரு வண்ண நூல், ஒரு எண்.

இதில் கை நடுங்கினால் கதை முடிந்தது. அவள் தொட்டதிலேயே பத்து பூவில் ஆறு பூ மூன்றாம் நாளே உதிர்ந்துவிடும். மற்றவர்களுக்கு எட்டு உதிரும். "பூவைத் தொடுறப்ப மூச்ச விடக்கூடாது அண்ணே, அவ்வளவுதான் ரகசியம்" என்பாள். அப்படிச் சொல்லிவிட்டு, தடவும்போது தனக்குள் ஏதோ பேசிக்கொண்டேதான் இருப்பாள்.

எதற்காக இந்தப் பாடு? கருங்காய் நோய். மழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும். காலையில் காயில் பொட்டு அளவுக்கு ஒரு பழுப்பு இருக்கும். பத்தே நாளில் காய் முழுக்கக் கறுத்து, மேலே வெள்ளைப் பொடி பூத்து, உள்ளே விதையெல்லாம் கூழாகிவிடும். மழைத்துளி தெறிக்கிற தூரமெல்லாம் நோயும் தெறிக்கும். மருந்து அடிக்கலாம், அடுத்த மழை கழுவிவிடும். நோய் தாங்குகிற மரத்தை உண்டாக்குவதுதான் ஒரே வழி. அதற்கு இந்த அம்மாவையும் அந்த அப்பாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறந்த பிள்ளை தாங்குமா என்று தெரிந்துகொள்ள ஏழெட்டு வருஷம் ஆகும். எங்கள் வேலையில் பொறுமை இல்லாதவன் பஸ் கண்டக்டராகப் போய்விடலாம்.

எங்கள் பழைய ஐயா, அதாவது முதலில் இருந்த விஞ்ஞானி, ஒரு விசித்திரப் பிறவி. பதிவேட்டில் 'பூவின் உயரம்' என்று ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டார். பறிக்கிற பூ தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று எழுத வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "தெரியலப்பா, என்னைக்காவது உதவும்" என்றார். வண்டு அளவுகோல் எடுத்துப் போகிற ஜாதி இல்லை. தன் உடம்பாலேயே அளப்பாள். தோள், இடுப்பு, தலைக்கு மேல் ஒரு சாண் என்று சாயங்காலம் வந்து ஒப்பிப்பாள். நான் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவேன். தண்டமான பத்தி என்று என் வாயால் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

உயர விஷயத்தில் ஐயா வைத்த ஒரே ஒரு சட்டம், முழங்காலுக்கு மேலே உள்ள பூவைத்தான் எடுக்க வேண்டும் என்பது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் மரங்கள் பெரும்பாலும் ஒட்டு மரங்கள். கீழே ஏதோ ஒரு விதையில் முளைத்த அடிமரம், அதன்மேல் நமக்கு வேண்டிய ரகத்தின் கிளை. ஒட்டுக்கு மேலே பூப்பதுதான் அந்த ரகம். கீழே பூப்பது யாரோ எவரோ. ஒட்டு எப்போதும் முழங்காலுக்குக் கீழேதான் கட்டுவார்கள் என்பதால் அந்தச் சட்டம்.

வண்டுவின் புருஷன் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். பேசினால் சக்கரத்தைப் பற்றித்தான் பேசுவார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் உண்டானபோது, மனுஷன் கால் தரையில் பாவவில்லை. வேலைக்குப் போகாதே என்று சொல்லிப் பார்த்தார். பூக்கிற பருவத்தில் நான் இல்லாமல் ஒரு காயும் பிடிக்காது என்று இவள் கிளம்பிவிட்டாள். எட்டாம் மாதம் அவர் ஒரு பழைய கார் டயரை உருட்டிக்கொண்டு பண்ணைக்கே வந்துவிட்டார். அதன் நடுவில் சாக்கை அடைத்து மெத்தை மாதிரி தைத்திருந்தார். "நின்னு செய்யாத. இதுல உக்காந்து செய்" என்று சொல்லிவிட்டுப் போனார். பண்ணையே அதைப் பார்த்துச் சிரித்தது. வண்டு கடைசி வாரம் வரை அந்த டயரை மரத்துக்கு மரம் உருட்டிக்கொண்டு போனாள். பிறந்த மகளுக்கு இப்போது பதினேழு வயது. வாய்க்கு மட்டும் நாற்பது வயது.

மகளுக்கும் பதினாறாம் வரிசைக்கும் ஒரே வயது என்பது எங்களுக்குள் ஒரு பேச்சு. அவள் வயிற்றில் இருந்த அந்தப் பருவத்தில் கட்டிய சேர்க்கைதான் பதினாறாம் வரிசை. அப்பா மரம் முப்பத்தொன்று என்று எண் போட்ட ரகம். ஆறு காய் பிடித்தது. அதில் வந்த நாற்றில் நாற்பது பிழைத்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருமழை வந்தது. பண்ணையில் பாதிக் காய் கருகிக் குழிக்குள் போனது. கூடைகூடையாக அழுகல் காயை அள்ளிக் கொட்டிவிட்டுப் பதினாறாம் வரிசைக்கு வந்தோம். நாற்பது மரத்திலும் காய் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ஐயா ஒரு காயைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். வண்டு அழுதேவிட்டாள்.

அவள் அழுததற்கு வேறு காரணமும் இருந்தது. அவளுடைய தம்பி சொந்தமாகக் கொக்கோத் தோட்டம் வைத்திருப்பவன். ஒவ்வொரு மழைக்கும் அவன் போன் வரும். "அக்கா, இந்தத் தடவையும் போச்சு" என்பான். வேறு எதுவும் சொல்லமாட்டான். அவனுக்குக் கொடுக்க அவளிடம் ஆறுதலைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை. அந்த நாற்பது மரத்தைப் பார்த்த நாளில்தான் முதல்முறையாக, "கொஞ்சம் பொறுத்துக்கடா, உனக்கு நான் மரம் தரேன்" என்று சொன்னாள்.

கொஞ்சம் என்று சொன்னது எட்டு வருஷம் ஆனது. ஒவ்வொரு மழையிலும் பார்த்து, எழுதி, மறுபடி பார்த்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் விதை உண்டாக்கிக் கொடுக்கலாம் என்று முடிவானது. நாற்பது மரத்திலிருந்து கிளை வெட்டி எத்தனை தோட்டத்துக்கு ஒட்டுக் கட்ட முடியும்? ஆயிரக்கணக்கில் போக வேண்டுமென்றால் விதைதான். அதே அம்மா, அதே அப்பா, அதே சேர்க்கையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் நாற்று தனக்குத்தான் என்று தம்பி காய்ந்துபோன மரங்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு அறுநூறு குழி வெட்டி வைத்துவிட்டான்.

இந்த இடத்தில்தான் இடி விழுந்தது.

ஐயாவின் இடத்துக்குப் புதிதாக வந்த மேடம் எதையும் சோதிக்காமல் வெளியே அனுப்பமாட்டார். நல்ல மனுஷி, ஆனால் சிரிப்பைக் கொஞ்சம் சிக்கனமாகச் செலவு செய்வார். புதுச் சேர்க்கையில் வந்த இருநூறு நாற்றைக் கண்ணாடி வீட்டில் வைத்து, நோய்க் கிருமி கலந்த தண்ணீரைத் தெளித்தார். பதினோரு நாள் காத்திருக்க வேண்டும். ஏழாம் நாளே இலையெல்லாம் கறுத்துச் சுருண்டது. பதினோராம் நாள் இருநூறில் பதினெட்டு மிச்சம்.

அதே சேர்க்கையின் பிள்ளைகள் இப்படிச் சாகக் கூடாதே என்று, இலைகளைத் துண்டு துண்டாக வெட்டி, உறையில் போட்டு, மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதினாறாம் வரிசையின் இலை, அம்மா மரத்தின் இலை, பண்ணையில் பெயரோடு இருக்கிற நானூறு ரகத்தின் இலைகள். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. மேடம் என்னையும் வண்டுவையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"அம்மா மரம் சரிதான்" என்றார். "ஆனா பதினாறாம் வரிசைக்கு அப்பா முப்பத்தொன்னு இல்ல."

"வேற எது மேடம்?" என்று நான் கேட்டேன்.

"நம்மகிட்ட இருக்கிற நானூறுல எதுவுமே இல்ல."

வண்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்பா யார் என்று தெரியாவிட்டால் பதினாறாம் வரிசையை இன்னொரு முறை உண்டாக்க முடியாது. நாற்பது மரம் நாற்பதாகவே நின்று, கிழடாகி, ஒரு நாள் விறகாகும்.

"உங்கள நான் குத்தம் சொல்லலம்மா" என்றார் மேடம். "ஆனா அன்னைக்கு மகரந்தம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியணும். குழாய் சரியா மூடாம இருந்துச்சா, வேற மரத்துப் பூவ எடுத்துட்டீங்களா, எது ஞாபகம் வந்தாலும் எழுதிக் குடுங்க. தெரியுற வரைக்கும் சேர்க்கை வேலை வேண்டாம். காய் உடைக்கிற கொட்டகையில இருங்க."

வண்டு இடுக்கியை எப்போதும் ஒரு துண்டுத் துணியில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்திருப்பாள். அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

காய் உடைக்கும் கொட்டகையில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கட்டையால் காயை ஒரு போடு போட்டுப் பிளந்து விதையை வழிக்கிற வேலை. அதற்கு யாருடைய கை வேண்டுமானாலும் போதும். டீ வேளையில், பட்ட மரங்களை அகற்றுகிற வெட்டுக் கூட்டத்தின் மேஸ்திரி, "என்னக்கா, அப்பன் பேர் தெரியாத வரிசையாமே?" என்று கேட்டுச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் டீயைப் பாதியிலேயே கீழே ஊற்றினாள். அந்த மேஸ்திரியின் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று எனக்கு இருந்தது.

"ஞாபகம் வருதா?" என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"நேத்து என்ன கொழம்பு வச்சேன்னே ஞாபகம் இல்ல, பதினேழு வருஷத்துக்கு முன்னாடி என்ன பூ எடுத்தேன்னு கேட்டா என்ன அண்ணே சொல்வேன்? என் கை தப்பாதுன்னு நெனச்சிருந்தேன். தப்பிருச்சோ என்னவோ" என்றாள். பிறகு, "எனக்குப் போனாப் போவுது. அவன் குழி வெட்டி வச்சிருக்கான் அண்ணே. மழ பேஞ்சு அறுநூறு குழியிலயும் தண்ணி நிக்குதாம்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் மகள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "மாமா, எங்கம்மா தூக்கத்துல முப்பத்தொன்னு முப்பத்தொன்னுங்கறாங்க. அப்பா அது லாரி நம்பர்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. உங்க பதிவேட்டுல எல்லாம் இருக்கும்பீங்களே. இதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள். சுருக்கென்று தைத்தது. இருபத்திரண்டு வருஷமாக எழுதி அடுக்கியவன், ஒரு தடவையாவது திரும்பிப் படித்திருக்கிறேனா?

மறுநாள் பழைய பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். பாதியைச் செல் அரித்திருந்தது. நல்லவேளை, எனக்கு வேண்டிய வருஷம் தப்பியிருந்தது. அந்தப் பருவத்தின் ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் படித்தேன். மரம் சரி, தேதி சரி, நூலின் நிறம் சரி. ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் கண் எரிந்து, சலிப்பில் அந்தத் தண்டமான பத்தியின்மேல் பார்வை போனது. தோள். தலை. தோள். தலைக்கு மேல் ஒரு சாண். தோள். இடுப்பு. வருஷம் முழுக்க இதேதான். ஒரே ஒரு மாதம் மட்டும் எல்லாமே முழங்கால், முழங்கால், முழங்கால். முப்பத்தொன்றுக்கு நேராக, என் கையெழுத்திலேயே, 'முழங்காலுக்கு மேல் நாலு விரல்' என்று இருந்தது.

பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன்.

"இந்த ஒரு மாசம் மட்டும் எதுக்கு எல்லாப் பூவையும் முழங்கால் உயரத்துல எடுத்த?"

அவள் தேதியைப் பார்த்தாள். கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். "டயரு" என்றாள். "டயர்ல உக்காந்திருந்தேன் அண்ணே. இவ எட்டு மாசம். எந்திரிச்சா உக்கார முடியாது, உக்காந்தா எந்திரிக்க முடியாது. கைக்கு எட்டுன பூவ எடுத்தேன்." உடனே அவள் முகம் மாறியது. "ஆனா சட்டப்படி முழங்காலுக்கு மேலதானே எடுத்திருக்கேன்? நாலு விரல் மேலன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே!"

அவள் சொல்வது நியாயம்தான். சட்டத்தை அவள் மீறவில்லை. சட்டம்தான் எங்கேயோ பொய்த்திருக்கிறது. அப்படியானால் அந்த மரத்தில் ஒட்டு எங்கே இருந்தது? ஒட்டுப் பதிவேட்டைப் புரட்டினேன். தேதி இருந்தது, ஆள் பெயர் இருந்தது, உயரம் இல்லை. ஒட்டுக்கு உயரம் எழுதச் சொல்லி ஐயா சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.

ஒட்டுக் கட்டியவர் ஒட்டு மாமா. எல்லாருக்கும் அவர் மாமாதான். ஓய்வு பெற்று, இரண்டு தெரு தள்ளி ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறார். நாங்கள் இருவரும் வேலை நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனோம். நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. மாமா இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாம் தொகுதி மூலையில முப்பத்தொன்னு ஒட்டுனது ஞாபகம் இருக்கா மாமா?" என்றேன்.

"இல்லாம என்ன? வளர்ந்த மரத்துல பக்கவாட்டுல சொருகுனது. நல்லா புடிச்சுதே!"

"எந்த உயரத்துல வச்சீங்க?"

மாமா ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் வண்டுவைப் பார்த்தார். "அந்தக் கேடுகெட்ட வாரம் எனக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. குனிய முடியல. நின்னவாக்குல இடுப்பு உயரத்துல வச்சுட்டேன். ஐயாகிட்ட சொன்னா திட்டுவார்னு சொல்லல. அந்த ஒரே ஒரு மரம்தான்மா. மத்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழதான். சத்தியமா!"

வண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். குனிய முடியாத மனுஷன் ஒட்டை இடுப்புக்கு ஏற்றிவிட்டார். எழுந்திருக்க முடியாதவள் பூவை முழங்காலில் பறித்துவிட்டாள். அவள் எடுத்தது முப்பத்தொன்றின் பூவே இல்லை. அதைத் தாங்கிக்கொண்டு நின்ற அடிமரத்தின் பூ. பெயர் இல்லாதது, எண் இல்லாதது, பட்டியலில் இல்லாதது. நானூறு பேரைச் சோதித்தவர்கள் அடியில் நின்றவனைச் சோதிக்கவில்லை.

"அப்ப அந்த அடிமரம்தான் அப்பன்!" என்றாள். "வாங்க அண்ணே, போய்ப் பாப்போம்."

அதற்குள் எனக்கு மட்டும் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மூலை மரத்தை நோய் தாக்கி அது பட்டுப்போனது; புதுச் சேர்க்கைக்குப் பூ எடுத்தது வேறு தொகுதியில் இருக்கிற முப்பத்தொன்றில். நான் பதிவேட்டில் எழுதிய வரி எனக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும். 'மரம் இறந்தது. வேரோடு அகற்றப்பட்டது.' கீழே என் கையெழுத்து. நேரில் போய்ப் பார்த்தா கையெழுத்துப் போட்டேன்? மேஸ்திரி வந்து "ஆச்சு" என்றான், போட்டுவிட்டேன்.

வழியில் அதை அவளிடம் சொன்னேன். அவள் நின்றாள். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மறுபடி வேகமாக நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். போகிற வழியெல்லாம், எங்கள் பண்ணை ஆட்களுடைய சோம்பேறித்தனத்தின்மேல் எனக்கு இருக்கிற மொத்த நம்பிக்கையையும் திரட்டி வேண்டிக்கொண்டேன். எத்தனை வருஷமாக அவர்களைத் திட்டியிருக்கிறேன். இந்த ஒரு மரத்திலாவது வேலையை அரைகுறையாக விட்டிருக்கட்டும்.

இரண்டாம் தொகுதி மூலையில் வெட்டுக் கூட்டத்து ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் சாப்பாட்டுப் பைகள் வரிசையாகத் தொங்கின. இரண்டு குடை, ஒரு சட்டை, ஐந்து பை. எதன்மேல் தொங்குகின்றன என்று பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டை. வேரைத் தோண்ட அலுத்துக்கொண்டு, மேலே மட்டும் அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் பை மாட்ட வைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

"பைய எடுங்கடா!" என்று நான் கத்தியது அடுத்த தொகுதிக்குக் கேட்டிருக்கும்.

மேஸ்திரி பயந்துபோய், "இல்ல சார், நாளைக்குத் தோண்டிடறோம்" என்றான்.

"தோண்டுன, உன்னையும் அதே குழியில வச்சு மூடிருவேன்" என்றேன்.

வண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டையின் உச்சியில் ஒரு பக்கம் பழைய ஒட்டின் தழும்பு. அதற்குக் கீழே பட்டை பச்சையாக இருந்தது. மூன்று துளிர் விட்டிருந்தது. ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பை மாட்டும்போது ஒடிந்ததும் மறுபடி துளிர்த்ததுமாக, கணுக்கணுவாக. கட்டையில், கிட்டத்தட்ட அவள் முழங்காலுக்கு நேராக, ஒரு பை மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் நாலைந்து பூ. அவள் கையை நீட்டினாள், ஆனால் தொடவில்லை. "இருக்கு அண்ணே" என்றாள். "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மேஸ்திரி ஒன்றும் புரியாமல் தன் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னோம், நான் எழுதிய பொய் வரி உட்பட. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த இடுக்கியை எடுத்து வண்டுவிடம் நீட்டினார். "சோதனை முடிவு வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள பூ உதிர்ந்துடும். நீங்க ஆரம்பிங்க" என்றார். அன்று அவர் சிரிப்பைத் தாராளமாகவே செலவு செய்தார்.

நான் என் பதிவேட்டைத் திறந்து, 'வேரோடு அகற்றப்பட்டது' என்ற வரியைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் 'தவறு என்னுடையது. மரம் உயிரோடு இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அடித்த முதல் வரி அது. ஆச்சரியம், அன்று ராத்திரி எனக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.

மறுநாள் காலையில் பஞ்சர் கடைக்காரர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு பண்ணை வாசலுக்கு வந்தார். பழையது எப்போதோ போய்விட்டது, இது வேறு. "உயரம் அதே உயரம்தான். பாத்துத்தான் எடுத்தேன்" என்றார். பின்னாலேயே வந்த மகள், "பதினாறாம் வரிசைக்கு நான்தான் காரணம். என் பேரையே வைங்க" என்று ஒரு போடு போட்டாள். வண்டு டயரில் உட்கார்ந்து, முழங்காலுக்கு மேல் நாலு விரலில் இருந்த பூவை எடுத்தாள். சாயங்காலம் வந்து உயரத்தைச் சொன்னாள். நான் முணுமுணுக்காமல் எழுதினேன்.

மாத முடிவில் சோதனை முடிவு வந்தது. கட்டைதான் அப்பா. சந்தேகமே இல்லை. அதற்கு நானூற்றொன்று என்று எண் கொடுத்துச் சுற்றிலும் வேலி போட்டோம். ஆனாலும் எங்களுக்கு முழுசாக மூச்சு வரவில்லை. அப்பா இவன்தான் என்பது ஒன்று. பிள்ளைகள் தாங்குமா என்பது இன்னொன்று. காய் முற்ற ஆறு மாதம், நாற்று தலையெடுக்க இரண்டு மாதம். மறுபடி இருநூறு நாற்று, மறுபடி அந்தக் கிருமித் தண்ணீர், மறுபடி பதினோரு நாள்.

பதினோராம் நாள் காலையில் நான் கண்ணாடி வீட்டுக்குள் போனேன். வண்டு உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேடம் தட்டுத் தட்டாகத் திருப்பிக் காட்டினார். நான் ஒவ்வொரு நாற்றாக விரல் வைத்து எண்ணினேன். கறுத்தது பதிமூன்று. மிச்சம் நூற்றெண்பத்தேழும் பச்சை. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து சொன்னேன். அவள் திரும்பவில்லை.

"சரியா எண்ணுனீங்களா அண்ணே? 'வேரோட எடுத்தாச்சு'ன்னு எழுதுன ஆளு நீங்க."

அந்த அடி எனக்கு வேண்டியதுதான். உள்ளே போய், முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். வந்து, "நூத்தி எண்பத்தேழு" என்றேன்.

அப்போதுதான் திரும்பினாள். முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"தம்பி" என்றாள். "குழியில நிக்கிற தண்ணிய எறச்சு வைடா."